பத்து கிராம் இழை

அதிகாலை மூன்றேகால். மங்காஃப் கடலோர நடைபாதை.
ஆகஸ்ட். நேற்றைய வெயில்
கல்லுக்குள் இன்னும் அணையவில்லை.
செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கடியில் தள்ளுகிறேன்.

அமலதாஸ் காரிலிருந்து இறங்குகிறான்,
விரல் விரலாய்ப் பிரிந்த காலணியோடு.
தவளைக்கால் என்பேன்.
"மூணு மில்லி ரப்பர், அவ்வளவுதான் சிஸ்டர்.
மத்தபடி வெறுங்கால்தான். எல்லாமே தெரியும்."
இருபத்திரண்டு தினார் கொடுத்து
வெறுங்காலை வாங்கிய ஆள்
குவைத்திலேயே நீ ஒருத்தன்தான் என்கிறேன்.

சுத்திகரிப்பு ஆலையில் பாதுகாப்பு அதிகாரி.
பகலெல்லாம் இரும்புமூக்கு பூட்ஸ்.
அதனால் ஓடும்போதும் அவனுக்கு விபத்துதான் ஞாபகம்:
சோடா மூடி, மீன்முள், கபாப் குச்சி,
யாரோ உடைத்துப் போட்ட ஹூக்காக் கண்ணாடி.
குதிகாலை இடிக்காமல் விரலடியில் இறங்க
உனக்குச் சொல்லிக்கொடுத்தது ரப்பரா கல்லா
என்று நான் கேட்பேன்.
"ரப்பர் கொஞ்சம் மன்னிக்கும் சிஸ்டர்."
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பாங்கு கேட்டதும் சண்டையை நிறுத்துவோம்.
அப்புறம் தரை மட்டும் பேசும்.
பூட்டுக்கல்லின் சொரசொரப்பு,
சைக்கிள் பாதையில் பூசிய பச்சைப் பெயிண்டின் வழவழப்பு,
புல்வெளிக் குழாய் கசியும் இடத்தில்
பத்தடி நீளத்துக்குக் குளிர்.
அந்தப் பத்தடிக்காகவே நான் வருகிறேன்.
இதை அவனிடம் சொன்னதில்லை.

எட்டு மணிக்கு எனக்கு வேறு வாய்.
சர்க்கரைக் கால் கிளினிக்கில்
தெரிந்த நாலு மொழியிலும் ஒரே பாட்டு:
வெறுங்காலோடு நடக்காதீர்கள்,
வீட்டுக்குள்ளும், குளியலறைக்கும்.
கண்ணை மூடச் சொல்லி
உள்ளங்காலில் நைலான் இழையை வைத்து அழுத்துவேன்.
பத்து கிராமில் அது வளையும்.
தெரிகிறதா?
ஐவா.
தெரிகிறதா?
ஐவா.
ஒரு தண்ணீர் லாரிக்காரர்
மூன்று நாளாய்த் தேடிய சாவியை
அவர் ஷூவுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.
"சாவி கிடைச்சிருச்சே" என்று சந்தோஷப்பட்டார்.
சாவியின் பல் அவர் காலில் பதிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை
கம்பெனி மருத்துவப் பரிசோதனைச் சீட்டோடு
அமலதாஸ் வந்து உட்கார்ந்தான்.
நானூறு கிலோமீட்டராவது கூட ஓடியிருப்பேன்,
அவன் பாதத்தை அன்றுதான் பார்க்கிறேன்.
வெளுத்து, மடிப்பு மடிப்பாய்,
எவரும் நடக்காத பாதம் போல.
கண்ணை மூடு என்றேன்.
பெருவிரல். "தெரியுது."
மூன்றாம் விரல்.
இழை வளைந்தது.
எடுத்து மறுபடி வைத்தேன். வளைந்தது.
"இன்னும் வைக்கலையா சிஸ்டர்?"

படிவத்தில் கழித்தல் குறி போட
எனக்கு இவ்வளவு நேரம் ஆனதில்லை.
மூணு மில்லிக்கு மேலே
அவன் இத்தனை நாள் எதை உணர்ந்தான்?
சத்தத்தையா?
போன வருஷத்துத் தரையையா?

இப்போது தடித்த காலணி. டாக்டர் உத்தரவு.
ரொட்டிப் பாக்கெட் மாதிரி ரெண்டு காலும்.
ஓட்டமில்லை, நடை.
நான் முன்னே ஓடித் திரும்பி வரும்போது கேட்கிறான்:
"இன்னைக்குத் தரை எப்படி?"
சூடு. உப்பு. ஒரு பேரீச்சங்கொட்டை.
"அவ்வளவுதானா?"
குழாய் கசிகிற இடத்தையும் சொல்லிவிட்டேன்.
"அங்கேயா? நான் வியர்வைன்னு நினைச்சேன்"
என்றான். எந்த வியர்வை என்று கேட்கவில்லை.

இன்று வீடு திரும்பி
நோயாளிகளுக்குக் கொடுக்கும் கைக்கண்ணாடியைத்
தரையில் வைத்து
என் உள்ளங்காலைப் பார்த்தேன்.
இடது குதிகாலுக்கு மேலே ஒரு கீறல்.
ரத்தம் மணலோடு காய்ந்திருந்தது.
எங்கே, எப்போது, தெரியவில்லை.
கட்டைவிரலால் அழுத்தினேன். வலித்தது.
கட்டைவிரல் கணக்கில் வராது.

இழை கிளினிக் டிராயரில் இருக்கிறது.
இன்று வெள்ளிக்கிழமை.
பூட்டியிருக்கும்.